உங்கள் ஒழுங்கைக்காகப் பிரதேச சபைக்கு மனுக் கொடுத்தல்

காணியைத் துப்புரவாக்கி, கிணற்றை இறைத்து, தற்காலிகக் கொட்டில் போட்ட பிறகுதான் பல குடும்பங்களுக்கு அடுத்த பிரச்சினை தெரிய வருகிறது: வீட்டுக்குப் போகும் ஒழுங்கையைக் காணவில்லை. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களில் பலர் கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் திரும்ப முடியாமல் இருந்தார்கள். அத்தனை காலத்தில் ஒழுங்கை பற்றையாகிவிடும், வெள்ள வாய்க்கால் தூர்ந்துவிடும். முதலில் திரும்பியவர் எல்லை தெரியாமல் வேலியைச் சற்று வெளியே போட்டிருக்கவும் கூடும். மாரி தொடங்கியதும் வெள்ளம் வளவுக்குள் நிற்கும். வருத்தக்காரரை ஏற்ற ஓட்டோ படலைக்கு வராது.

இதற்கு நீங்கள் மனுக் கொடுக்கலாம். ஆனால் யாரிடம் என்பதை முதலில் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். பிரதேச செயலகமும் பிரதேச சபையும் ஒன்றல்ல. மீள்குடியேற்றப் பதிவு, அரச காணி போன்ற விடயங்களுக்குப் பிரதேச செயலகம் செல்ல வேண்டும். பிரதேச சபை 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் உள்ளூராட்சி சபை. ஒழுங்கைகள், உள்வீதிகள், அவற்றின் ஓர வாய்க்கால்கள், தெருவிளக்கு, குப்பை அகற்றல், பொதுக் கிணறு, சந்தை, மயானம் என்பன அதன் பொறுப்பு. பெரிய வீதிகள் சபைக்குரியவை அல்ல: ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கும் உரியவை. ஊர்ச் சிறுகுளம் என்றால் கமநல சேவை நிலையம். பிழையான கந்தோருக்குப் போன மனுவை யாரும் கிழித்தெறிவதில்லை. அது ஒரு கோவைக்குள் போய்விடும், நீங்களும் பதில் வரும் என்று காத்திருப்பீர்கள். அதுதான் கெடுதி.

ஒழுங்கை பற்றிய மனுவுக்கு முன், சபையில் ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்கள் ஒழுங்கை சபையின் வீதிப் பதிவேட்டில் இருக்கிறதா?" பதிவில் இல்லாத ஒழுங்கைக்குப் பணம் ஒதுக்கச் சபை தயங்கும். இல்லையென்றால் அதைச் சேர்க்கும்படி கேட்பதே உங்கள் முதல் மனுவாக இருக்கட்டும்.

அதற்கான சான்று பெரும்பாலும் உங்கள் கையிலேயே இருக்கிறது. காணி உறுதியை எடுத்து, நான்கு எல்லைகளும் சொல்லப்படும் இடத்தைப் பாருங்கள். "கிழக்கு ஒழுங்கை" என்று எழுதியிருந்தால், உறுதி எழுதிய நாளில் அங்கே ஒழுங்கை இருந்தது என்பதற்கு அது சாட்சி. அயலவர்கள் மூன்று நான்கு பேரின் உறுதிகளிலும் அதே ஒழுங்கை இருந்தால் சான்று இன்னும் பலமாகும். பழைய நில அளவைப் படம் இருந்தால் அதன் பிரதியையும் இணையுங்கள். இடப்பெயர்வில் உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். மூலப் பத்திரம் எதையும் சபையிடம் கொடுக்க வேண்டாம், பிரதி போதும்.

அயலவரின் வேலி உள்ளே வந்திருந்தால் அவர் பெயரை எழுதிக் குற்றஞ்சாட்டாதீர்கள். அவரும் உங்களைப் போல் அலைந்து திரும்பியவர். நாளைக்கு அவரும் இதே மனுவில் கையெழுத்து வைக்க வேண்டியவர். "ஒழுங்கையின் அகலம் குறைந்துள்ளது, எல்லையை அளந்து காட்டித் தரவும்" என்று எழுதினால் போதும். பேசித் தீராவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது.

ஒரு மனுவில் ஒரு விடயம் மட்டும் எழுதுங்கள். வாய்க்காலும் தெருவிளக்கும் குப்பையும் ஒரே தாளில் இருந்தால், எது யாருடைய வேலை என்று பிரிப்பதற்குள் மாதங்கள் போய்விடும். இடமும் அளவும் தெரியும்படி எழுதுவது எப்படி என்பதற்கு ஓர் உதாரணம்:

"பிள்ளையார் கோவில் சந்தியிலிருந்து கிழக்கே செல்லும் ஒழுங்கையில் சுமார் 300 மீற்றர் தூரம் பற்றை மூடியுள்ளது. நடுவில் உள்ள மதகு உடைந்துள்ளது. 14 குடும்பங்கள் இதைப் பயன்படுத்துகின்றன. கடந்த மாரியில் பிள்ளைகள் முழங்கால் அளவு வெள்ளத்தில் பாடசாலைக்குச் சென்றனர். மாரிக்கு முன் பற்றையை வெட்டி, மதகைத் திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

கையெழுத்து வைப்பவர்கள் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் எழுத வேண்டும். முகாமிலோ உறவினர் வீட்டிலோ இன்னும் இருப்பவர்களும், காணி அந்த ஒழுங்கையில் இருந்தால் கையெழுத்திடலாம். கணவர் இல்லாத, அல்லது காணாமற்போன குடும்பங்களில் பெண்கள் தங்கள் பெயரிலேயே ஒப்பமிடுங்கள். வேறு ஆண் உறவினரைத் தேட வேண்டியதில்லை. சனசமூக நிலையமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ இயங்கினால் அதன் கடிதத் தலைப்பில் அனுப்புவது நல்லது.

மனுவைச் செயலாளருக்கு முகவரியிட்டு, தவிசாளருக்கும் வட்டார உறுப்பினருக்கும் பிரதி கொடுங்கள். உங்களிடம் இருக்கும் பிரதியில் திகதியுடன் சபையின் முத்திரையைப் பெற மறக்க வேண்டாம். "தந்துவிட்டுப் போங்கோ, பாப்பம்" என்றால், பணிவாக நின்று முத்திரையைக் கேளுங்கள். நேரில் போக முடியாதவர்கள் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

பற்றை வெட்டுவதும் வாய்க்கால் துப்புரவாக்குவதும் நடப்பாண்டிலேயே நடக்கக்கூடிய வேலைகள். மதகு கட்டவும் கிறவல் போடவும் பாதீட்டில் பணம் வேண்டும். அடுத்த ஆண்டின் பாதீடு ஆண்டு இறுதியில் தயாராவதால் செப்டெம்பருக்கு முன் மனு சேர வேண்டும். மாரி வெள்ளம் வந்த பிறகு ஓடினால் அந்த ஆண்டுப் பணம் முடிந்திருக்கும்.

காத்திருக்கும் நாட்களில் ஊரவர் சேர்ந்து சிரமதானம் செய்வதாயின், அந்த இடம் மிதிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதா என்பதை முதலில் கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்துங்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிப் பொலிசாருக்கு அறிவியுங்கள்.

பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பியுங்கள். "எங்கள் ஒழுங்கை ஏன் திருத்தப்படவில்லை?" என்று கேட்டால் சாட்டுச் சொல்வது இலகு. "இன்ன திகதியில் தந்த மனு இப்போது யாரிடம் இருக்கிறது? அதில் எடுத்த முடிவின் பிரதியைத் தரவும். எங்கள் வட்டார வீதிகளுக்கு இந்த ஆண்டு ஒதுக்கிய தொகை எவ்வளவு?" என்று கேளுங்கள். விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் சபையின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன்பின் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். முத்திரை குத்திய உங்கள் பிரதி அப்போது தேவைப்படும். அதைக் காணி உறுதியுடன் ஒரே உறையில், மழைத்தண்ணீர் படாத இடத்தில் வையுங்கள்.