உறை தின்ற லாபம்: ஒரு பாட்டு கற்றுத் தரும் அடக்கவிலைப் பாடம்

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். சரக்கைவிடச் சரக்கைச் சுற்றியுள்ள செலவு கூடிப்போனால் வியாபாரம் என்ன ஆகும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. இந்த இதழின் பாடத்துக்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது பருப்போ புளியோ அல்ல; ஒரு பாட்டு. 1983-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த ‘புளூ மண்டே’ என்ற பாட்டு.

பாட்டுக்கும் பலசரக்குக்கும் என்ன சம்பந்தம் என்று வணிக நண்பர்கள் கேட்கலாம். இசைத்தட்டும் ஒரு சரக்குதான். அதற்கும் அடக்கவிலை உண்டு, உறை உண்டு, மொத்த விலை உண்டு, சில்லறைக் கடைக்காரருக்குக் கழிவு உண்டு. பெயர் பெற்றது, கடை கடையாக விற்றது, ஆனால் கணக்குப் பார்த்தால் கையில் நின்றது என்ன என்று தெரியவில்லை என்ற நிலை எந்தச் சரக்குக்கும் வரலாம்.

சிறு கம்பெனி பிறந்த விதம்

பஞ்சாலைக்குப் பெயர் பெற்ற மான்செஸ்டர் நகரத்தை நாம் அறிவோம். நம் கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்றே சொல்கிறோம். அந்த ஊரில் 1978-ல் டோனி வில்சன் என்ற தொலைக்காட்சி அறிவிப்பாளரும் அவருடைய நண்பர் ஆலன் எராஸ்மஸும் தொடங்கியது ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ். பெரிய கம்பெனிகளைச் சாராமல் சொந்தக் காலில் நிற்கும் இப்படிப்பட்ட சிறு கம்பெனிகளின் இசையைத்தான் அங்கே ‘இன்டி’ என்பார்கள்.

ஃபேக்டரியின் வழக்கம் தனி. பெரிய கம்பெனிகள் பாடகர்களைப் பல ஆண்டு ஒப்பந்தத்தில் கட்டிப் போடும். இவர்களோ செலவு போக வருவதைப் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். பாட்டு பாடியவருக்கே சொந்தம், கம்பெனிக்குச் சொந்தமில்லை என்பது இவர்கள் கொள்கை. நல்ல மனிதர்கள் என்ற பெயர் ஊரெல்லாம் பரவியது. திறமைசாலிகள் தாமாக வந்து சேர்ந்தார்கள். இந்த நாணயத்தை நாம் குறை சொல்ல மாட்டோம். குறை வேறு இடத்தில் இருந்தது.

பாட்டு பிறந்த விதம்

ஃபேக்டரியின் முக்கியக் குழு ஜாய் டிவிஷன். அதன் பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980 மே மாதம், அமெரிக்கப் பயணம் புறப்பட வேண்டிய தருணத்தில், உயிரை மாய்த்துக்கொண்டார். எஞ்சிய பெர்னார்ட் சம்னர், பீட்டர் ஹூக், ஸ்டீபன் மோரிஸ் மூவரும் கடையை மூடிவிடவில்லை. கில்லியன் கில்பர்ட்டைச் சேர்த்துக்கொண்டு, ‘நியூ ஆர்டர்’ என்று பெயர் மாற்றி, மீண்டும் தொடங்கினார்கள். பழைய பாணியையே பிடித்துக்கொண்டிராமல், நடனக் கூடங்களில் ஒலிக்கும் இயந்திர இசையையும் கற்றுக்கொண்டார்கள்.

கச்சேரி முடிந்ததும் ‘இன்னொரு பாட்டு’ என்று ரசிகர்கள் கேட்பது வழக்கம். இவர்களுக்கு அது பிடிக்காது. பொத்தானை அழுத்தினால் தானே ஒலிக்கும் ஒரு பாட்டு இருந்தால் அதை ஓடவிட்டு மேடையை விட்டு இறங்கிவிடலாமே என்ற எண்ணத்தில் பிறந்ததே ‘புளூ மண்டே’ என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். தாளத்துக்கு ஒரு மின்னணு இயந்திரம். சுரங்களை வரிசையாக வாசிக்க, உதிரிப் பாகங்களை வாங்கி சம்னரே பூட்டிய ஒரு கருவி. ஏழரை நிமிடம் ஓடும் பாட்டு. வானொலிக்கு அது நீளம். நடனக் கூடத்துக்கு அதுவே பொருத்தம். 1983 மார்ச் மாதம் 12 அங்குல இசைத்தட்டாக வெளியானது. விலை குறைந்த 7 அங்குலத் தட்டு போடவில்லை. இதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

உறையின் கதை

உறையை அமைத்தவர் பீட்டர் சாவில். அக்காலத்துக் கணினிகளில் பயன்பட்ட நெகிழ் தகட்டைக் குழுவினரிடம் பார்த்து, அதைப் போலவே இசைத்தட்டின் உறையைச் செய்தார். உறையில் துளைகள் வெட்டி, உள்ளேயிருக்கும் வெள்ளி நிறத் தாள் தெரியும்படி அமைத்தார். பாட்டின் பெயரோ குழுவின் பெயரோ எழுத்தில் இல்லை. ஓரத்தில் வண்ணக் கட்டங்களில் மறைபொருளாகக் குறித்திருந்தார். பார்த்தவர் மறக்க முடியாத உறை அது. இன்றும் வடிவமைப்பு நூல்களில் அதன் படத்தைப் போடுகிறார்கள்.

ஆனால் துளை வெட்டுவது அச்சுக்கு மேல் ஒரு தனிச் செலவு. தனி வண்ணங்கள் ஒரு செலவு. உள்ளுறை ஒரு செலவு. எல்லாம் சேர்ந்து, தட்டு விற்ற விலையில் அடங்கவில்லை என்றும், ஒவ்வொரு தட்டுக்கும் சில பென்னிகள் கைநஷ்டம் என்றும் டோனி வில்சன் உள்ளிட்டோர் பின்னாளில் சொல்லி வந்தார்கள். தொகையை மட்டும் ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். அந்த விலை உயர்ந்த உறைகள் எத்தனை அச்சாயின என்பதே தங்களுக்குத் தெரியாது என்ற பொருள்பட சாவிலும் கூறியிருக்கிறார்.

நம் பாடத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. நஷ்டம் வருவது வணிகத்தில் இயல்பு. நஷ்டமா லாபமா என்றே தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

விற்பனை கூடியபோது

சில ஆயிரம் தட்டு விற்கும் என்ற நினைப்பில் செய்த உறை அது. சில ஆயிரத்தோடு நின்றிருந்தால் அந்தச் செலவை விளம்பரம் என்று எழுதித் தள்ளியிருக்கலாம். நடந்தது வேறு. முதலில் இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் 12-ஆம் இடம் வரை வந்து இறங்கிய பாட்டு, கோடை விடுமுறை முடிந்து மக்கள் ஊர் திரும்பிய பின், 1983 அக்டோபரில் 9-ஆம் இடத்துக்கு ஏறியது. 1988-ல் மறுவடிவமாக வந்து 3-ஆம் இடம் பிடித்தது. பிரிட்டனில் மட்டும் 10 லட்சத்துக்கு மேல் விற்று, 12 அங்குலத் தட்டுகளிலேயே மிக அதிகம் விற்றது என்ற பெயரையும் எடுத்தது. 7 அங்குலத் தட்டு இல்லாததால், 1983-ல் தட்டு கேட்டு வந்தவர் அத்தனை பேரும் பெரிய தட்டையே வாங்க வேண்டியிருந்தது. பிறகு துளையில்லாத சாதாரண உறைக்கு மாற்றினார்கள்.

ஃபேக்டரி 1992 நவம்பரில் திவாலானது. அதற்கு இந்த உறை ஒன்றே காரணம் என்று சொல்வது தவறு. குழுவின் வருமானமும் கம்பெனியின் பணமும் 1982-ல் திறந்த ‘ஹசியெண்டா’ நடனக் கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. அதிக விலையில் புது அலுவலகக் கட்டிடம் வந்தது. அடுத்தடுத்த இசைத்தட்டுகளின் பதிவுச் செலவு ஏறியது. லண்டன் ரெக்கார்ட்ஸ் என்ற பெரிய கம்பெனி வாங்க முன்வந்தபோது, பாட்டுகள் கம்பெனிக்குச் சொந்தமில்லை என்ற பழைய தாள் வெளிவந்தது. விற்பதற்கு அங்கே சரக்கே இல்லை! உறையில் தெரிந்த அதே பழக்கம், அதாவது கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பழக்கம், கம்பெனி முழுதும் பரவியிருந்தது என்பதே நாம் காண வேண்டியது.

நம் கடைக்கு வருவோம்

இன்று நம்மில் பலர் சொந்தப் பெயரில் சாம்பார்ப் பொடி, மிளகாய்த் தூள், சத்துமாவு பாக்கெட் போடுகிறோம். ஒரு கணக்கை மாதிரிக்குப் போட்டுப் பார்ப்போம். வரியைத் தனியே வைத்துக்கொள்வோம்.

100 கிராம் பொடி அடக்கம் 24 ரூபாய். வண்ணம் அச்சிட்ட கவர் 5 ரூபாய். ஆக 29 ரூபாய். பாக்கெட் விலை 40 ரூபாய். சில்லறைக் கடைக்குக் கழிவு 6 ரூபாய் போக நமக்கு 34 ரூபாய். ‘பாக்கெட்டுக்கு 5 ரூபாய் நிற்கிறது’ என்று மகிழ்ந்துவிடுகிறோம்.

விட்டுப்போனது என்ன? லேபிள் ஒன்றரை ரூபாய். நிரப்பி ஒட்டும் கூலி இரண்டரை ரூபாய். வண்டிச் சத்தம், சேதாரம், திரும்பி வரும் சரக்கு எல்லாம் சேர்த்து 2 ரூபாய். உண்மை அடக்கம் 35 ரூபாய். பாக்கெட்டுக்கு 1 ரூபாய் நஷ்டம். மாதம் 100 பாக்கெட் விற்கும்போது இந்த 100 ரூபாய் கல்லாப்பெட்டியில் கண்ணுக்குத் தெரியாது. சரக்கு பெயர் பெற்று மாதம் 10,000 பாக்கெட் போகும்போது 10,000 ரூபாய் ஓட்டை விழும். மற்ற சரக்கின் லாபம் அதை அடைத்துக்கொண்டே இருக்கும். விற்பனை கூடக்கூட ஏன் கையில் பணம் இல்லை என்று நாம் திகைத்து நிற்போம்.

ஆகவே கவனிக்க வேண்டியவை:

1. விலை வைக்கும் முன் அடக்கத்தைத் தாளில் எழுத வேண்டும். மனக்கணக்கு கூலியையும் சேதாரத்தையும் மறக்கும்.

2. கவருக்கு ஒரு வரம்பு வைக்க வேண்டும். அழகான கவர் வேண்டாம் என்பதல்ல. அந்தச் செலவை விலை தாங்குகிறதா என்பதே கேள்வி.

3. விற்பனை இரட்டித்ததும் கணக்கை மறுபடி போட வேண்டும். அதிக எண்ணிக்கையில் அச்சடிக்கக் கொடுக்கும்போது கவர் விலையைக் குறைத்துக் கேட்கலாம். முதல் மாதக் கணக்கு ஆறாம் மாதத்துக்கு உதவாது.

4. கவர் எத்தனை வந்தது, எத்தனை செலவானது, எத்தனை வீணானது என்பதற்குத் தனி இருப்பேடு வேண்டும்.

5. கூட்டாளியோடும் பாக்கெட் போட்டுத் தருபவரோடும் பெயர் யாருக்குச் சொந்தம் என்பதை நல்லுறவு இருக்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டும்.

வரப்போகும் ஆக்கத்தை நம்பி உள்ள முதலை இழக்கும் செயலை அறிவுடையோர் செய்யார் என்று வள்ளுவர் ‘தெரிந்து செயல்வகை’ அதிகாரத்தில் சொல்கிறார். மான்செஸ்டர்க்காரர்கள் நல்ல பாட்டைத் தந்தார்கள். அது இன்றும் ஒலிக்கிறது. பாட்டு நிலைத்தது, கம்பெனி நிலைக்கவில்லை. நம் சரக்கும் நிலைக்க வேண்டும், கடையும் நிலைக்க வேண்டும். இன்றிரவு கடை அடைக்கும் முன், நம் கடையில் மிக வேகமாக விற்கும் சொந்த பாக்கெட் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்து, அதன் அடக்கத்தை வரி வரியாக எழுதிப் பார்ப்போம்.