கேட்டு எழுதும் வேலை: தொண்டின் வழியே முதல் படி



"பட்டம் வாங்கிவிட்டாள், வேலைதான் அமையவில்லை. போகிற இடமெல்லாம் முன் அனுபவம் கேட்கிறார்கள். வேலையே கொடுக்காவிட்டால் அனுபவம் எங்கிருந்து வரும்?" திண்டுக்கல் வட்டாரத்தில் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி இது. மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்னும் தொழிலை எடுத்துக்கொண்டு இதற்கு விடை தேடுவோம்.

1. இது என்ன வேலை?

மருத்துவர் நோயாளியைப் பார்த்தபின், தாம் கண்டதை வாயால் சொல்லிப் பதிவு செய்கிறார். அதைக் காதால் கேட்டு, பிழையில்லாத அறிக்கையாக எழுதித் தருவதே இந்த வேலை. 1990-களில் இது நம் நாட்டில் பரவியது. அமெரிக்காவில் இரவாகும்போது இங்கே பகல். அங்குள்ள மருத்துவர் மாலையில் சொல்லி முடித்ததை, அவர் மறுநாள் வருமுன் இங்கே எழுதி அனுப்பினார்கள். சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் நிறுவனங்கள் தோன்றின. பயிற்சி நிலையங்களும் பெருகின.

இன்று நிலை மாறிவிட்டது. குரலைக் கேட்டுத் தானே எழுதும் கணினி மென்பொருள் பல இடங்களில் முதல் வரைவைத் தந்துவிடுகிறது. அதை ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுத் திருத்துவதே இப்போது பெரும்பாலும் மனிதர் செய்யும் வேலை. ஆகவே, "படித்தவுடன் வேலை உறுதி" என்று சொல்லிப் பெருந்தொகை கேட்கும் இடத்தில், நகையை அடகு வைத்துப் பணம் கட்டுமுன் நன்கு விசாரிக்க வேண்டும்.

2. அனுபவம் ஏன் கேட்கிறார்கள்?

ஹைப்பர்டென்ஷன் என்பது உயர் இரத்த அழுத்தம். ஹைப்போடென்ஷன் என்பது குறைந்த இரத்த அழுத்தம். வேகமாகச் சொல்லும்போது இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். சிறுகுடலின் கடைப்பகுதிக்கு இலியம் என்று பெயர். இடுப்பெலும்பின் ஒரு பகுதிக்கும் அதே ஒலியுள்ள பெயர். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துதான் வேறு. "ஃபிஃப்டீன்" மில்லிகிராம் "ஃபிஃப்டி" ஆகிவிட்டால் மருந்தின் அளவு மும்மடங்குக்கு மேல் ஏறிவிடும்.

எனவே இத்தொழிலில் ஒரு விதி உண்டு. கேட்டது புரியாவிட்டால் ஊகித்து எழுதக் கூடாது. அந்த இடத்தை வெறுமையாக விட்டு, குறியிட்டு, மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். விட்ட இடத்தை மருத்துவர் நிரப்பிவிடுவார். தவறாக எழுதிய சொல்லையோ யாரும் கவனிக்காமலே மருந்து கொடுத்துவிடலாம். "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லும் இந்தத் துணிவு புத்தகத்தால் மட்டும் வராது.

3. தொண்டு எப்படி உதவும்?

நமது சமவெளியில் மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. டாக்டர் ஏ.கே. தரியன் 1955-ல் ஒட்டன்சத்திரத்தில் தொடங்கிய கிறிஸ்டியன் பெல்லோஷிப் மருத்துவமனையையும், டாக்டர் சௌந்தரம் அம்மையார் நிறுவிய காந்திகிராமத்தின் கஸ்தூரிபா மருத்துவமனையையும் அறியாதவர் இங்கே சிலரே. எந்த மருத்துவமனையானாலும் அங்கே நோயாளிகளின் பதிவேடுகள் உண்டு. உள்நோயாளியின் பதிவை 3 ஆண்டுகள் காக்க வேண்டும், உரியவர் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை மருத்துவர்களுக்குச் சொல்கிறது. ஆகவே அங்கே வேலைக்குப் பஞ்சமில்லை.

வேடசந்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து, விலங்கியல் பட்டம் பெற்ற ஒரு பெண் மூன்று மாதத் தொண்டுக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் மாதம் அவள் கேஸ் ஷீட்டுகளை எண்படி எடுத்து அடுக்குகிறாள். நோயாளியின் முறையீடு, முந்தைய நோய்கள், பரிசோதனை, நோயின் பெயர், சிகிச்சை என்று ஓர் அறிக்கை நடக்கும் வரிசை அவள் மனதில் பதிகிறது.

இரண்டாம் மாதம் மருத்துவர்களின் கையெழுத்தும் சுருக்கக் குறிகளும் பழகுகின்றன. நாள்தோறும் பத்துச் சொற்களைப் பொருளோடு நோட்டில் எழுதிக்கொள்கிறாள்.

மூன்றாம் மாதம், பெயரும் அடையாளமும் நீக்கிய மாதிரிப் பதிவுகளைக் கேட்டு டைப் செய்கிறாள். மூத்த ஊழியர் சிவப்பு மையில் திருத்திக் கொடுக்கிறார். சிவப்பு குறையக் குறைய அவளுக்கு நம்பிக்கை வளர்கிறது. வேலை கேட்டுப் போகும் இடத்தில் சோதனைப் பதிவைக் கொடுத்தால் இனி அவள் திகைக்க மாட்டாள்.

4. இரு தரப்பும் காக்க வேண்டியவை

அ) இரகசியம். சிறிய ஊரில் நோயாளி அடுத்த தெருக்காரராக இருக்கலாம். கண்டதை வீட்டிலும் சொல்லக் கூடாது. கைப்பேசியில் படம் எடுக்கக் கூடாது. முதல் நாளே இதை எழுத்தில் உறுதி செய்ய வேண்டும்.

ஆ) கால வரம்பு. சம்பளம் கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலையைத் தொண்டு என்ற பெயரில் ஆண்டுக்கணக்காக வாங்குவது நியாயமன்று. மாதங்களும் நேரமும் முன்னதாகவே தீர்மானிக்கப்பட வேண்டும்.

இ) உண்மையான சான்று. செய்த வேலையை மட்டும் சான்றிதழில் எழுத வேண்டும். மூன்று மாதத்தை ஓராண்டாக்குவது உதவியல்ல.

ஈ) வழிச்செலவு. பேருந்துக் கட்டணமும் மதிய உணவும் இல்லாவிட்டால், வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே தொண்டு செய்ய இயலும். தினக்கூலியின் மகளுக்கு அந்தக் கதவு மூடியே இருக்கும்.

5. எங்கே கொண்டு சேர்க்கும்?

தொண்டு செய்தால் வேலை நிச்சயம் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அது பல வாசல்களைக் காட்டும்: பதிவேட்டுப் பிரிவு, டிஸ்சார்ஜ் சம்மரி தயாரித்தல், காப்பீட்டுப் பிரிவு, மெடிக்கல் கோடிங், அறிக்கை திருத்தும் பணி. முதல் வேலை இவற்றில் எதுவாயினும், மூன்று மாதத்தில் பழகிய கவனம் அங்கே கைகொடுக்கும்.

சிந்திக்க:

1. உங்கள் சபையில் வேலைக்குக் காத்திருக்கும் பட்டதாரிகள் எத்தனை பேர்? அவர்களிடம் எப்போது பேசினீர்கள்?

2. பெரும் பயிற்சிக் கட்டணத்துக்குப் பதிலாக, ஒரு பிள்ளையின் மூன்று மாத வழிச்செலவை உங்கள் குழு ஏற்க இயலுமா?

3. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கத்தை நம் பிள்ளைகளிடம் நாம் பாராட்டுகிறோமா, கண்டிக்கிறோமா?