ஆம்னி வாங்கிய மருமகளுக்கு

கோபிசெட்டிபாளையம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள கயல்,

நீ வண்டி வாங்கிய சேதியை உன் அம்மா முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள். "சினிமாவுல ஆளைக் கடத்துற வண்டியப் போய் வாங்கியிருக்கா, கேட்டுச் சொல்லுண்ணா" என்றாள். நம் படங்களில் வில்லனின் ஆட்கள் பக்கக் கதவை இழுத்து ஆளைத் தூக்கிப் போடுவது ஆம்னியில்தான். அதே வண்டிதான் நம் ஊரில் பள்ளிப் பிள்ளைகளையும் கல்யாண வீட்டுப் பாத்திரங்களையும் பிரசவத்துக்குப் போனவர்களையும் சுமந்தது என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன். 1984-இல் மாருதி வேன் என்று வந்து, 1988-இல் ஆம்னி என்று பெயர் மாறி, 2019 வரை தயாரிப்பில் இருந்த வண்டி. 796 சிசி எஞ்சின், முன்சீட்டுக்கு அடியில். உன் நாற்றுத் தட்டுகளை ஏற்ற இதைவிட மலிவான மூடு வண்டி கிடைக்காது.

உன்னுடையது 2009 மாடல். பதினைந்து வருஷம் ஓடி, ஆர்.சி. புதுப்பித்த பிறகு உன் கைக்கு வந்திருக்கிறது. முந்தின சொந்தக்காரர் மீன் வியாபாரம் செய்தவர் என்றாய். அதை மனதில் வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும்.

போனில் நீ சொன்ன நோய்களை ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஸ்டீயரிங் ஆடுகிறது, இடது பக்கம் இழுக்கிறது, இரண்டு தடவை அலைன்மென்ட் பார்த்தும் தீரவில்லை. பிரேக்கை மிதித்தால் மீட்டர் போர்டு விளக்கு மங்கலாக எரிகிறது, இடது இண்டிகேட்டர் கன்னாபின்னா என்று அடிக்கிறது. நாலைந்து நாள் நிறுத்தி வைத்தால் செல்ஃப் எடுப்பதில்லை. இதற்குப் பட்டறையில் ஒருவர் சொன்ன வைத்தியம்: ஸ்டீயரிங் அசெம்ப்ளி முழுசாக மாற்று, வயரிங் முழுசாக மாற்று, பேட்டரியும் புதுசு போடு.

ஒன்றையும் வாங்காதே. குறைந்தது நான் வரும் வரைக்கும்.

நான் மெக்கானிக் இல்லை. பாலிடெக்னிக் இயற்பியல் லேப்பில் முப்பது வருஷம் மாணவர்களுக்கு மீட்டர் எடுத்துக் கொடுத்தவன். பதினான்கு வருஷம் ஒரு ஆம்னியும் வைத்திருந்தேன். அதில் எனக்குப் பிடிபட்ட ஒரே விஷயம், பழைய வண்டியில் பெரிய உறுப்புகள் அவ்வளவு சீக்கிரம் சாவதில்லை என்பது. கெடுவது இணைப்புகள். உன் கையிலிருந்து டயர் வரைக்கும் எத்தனை மூட்டு இருக்கிறதோ அத்தனை இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் தேய்ந்திருக்கும். பேட்டரியிலிருந்து பல்பு வரைக்கும் எத்தனை சொருகல், எத்தனை திருகாணி இருக்கிறதோ அத்தனை இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் துருப் பிடித்திருக்கும்.

விளக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன், அதுதான் சுவாரஸ்யம். பிரேக்கை மிதித்தால் மீட்டர் போர்டு ஏன் எரிய வேண்டும்? இரண்டுக்கும் என்ன உறவு?

பின்னால் இடது விளக்குக் கூட்டைக் கழற்றிப் பார். பிரேக், பார்க்கிங், இண்டிகேட்டர் மூன்றுக்கும் லைன் வயர் தனித்தனியாக வரும். ஆனால் கரண்ட் திரும்பிப் போக எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு எர்த் வயர்தான். அது ஒரு திருகாணியில் பாடியோடு சேரும். அந்த இடம் துருவேறிவிட்டால் பிரேக் பல்புக்கு வந்த கரண்ட்டுக்கு வெளியேற வழியில்லை. பிரேக்குக்கும் பார்க்கிங்குக்கும் ஒரே பல்பில் இரண்டு இழை. வந்த கரண்ட் பார்க்கிங் இழைக்குள் பின்பக்கமாக நுழைந்து, பார்க்கிங் லைன் வழியாகவே முன்னால் ஓடி, வலது பார்க்கிங் விளக்கிலும் மீட்டர் விளக்கிலும் புகுந்து, அங்கே இருக்கிற நல்ல எர்த்தில் இறங்கும். வாசல் கதவு திறக்காத வீட்டில் விருந்தாளி சமையலறை வழியாகக் கொல்லைப்புறம் போகிற மாதிரி. போகிற வழியில் எல்லா விளக்கும் அரை உயிராக மினுங்கும். இண்டிகேட்டரும் அதே எர்த்தை நம்பியிருப்பதால் அதன் தாளமும் தப்பிவிடும்.

மீன் பெட்டியிலிருந்து வழிந்த ஐஸ் தண்ணீர் வருஷக்கணக்கில் எந்த மூலையில் தேங்கியிருக்கும் என்று நினைக்கிறாய்? இப்போது நீயும் ஈர மண் நாற்றுத் தட்டுகளை அங்கேதான் அடுக்குகிறாய்.

ஊகமாகவே விட்டுவிட வேண்டாம், அளந்துவிடலாம். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வை. கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவில், சிவப்பு முனை பல்பு ஹோல்டரின் உலோகப் பகுதியில். பக்கத்தில் யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நல்லது. இரண்டு மூன்று வோல்ட் காட்டினால் அங்கேதான் வியாதி. திருகாணியைக் கழற்றி, வயர் முனையையும் பாடியையும் வெள்ளி மாதிரி மின்னுகிற வரைக்கும் உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவு. வயரிங் முழுசாக மாற்றச் சொன்னாரே, அந்த வேலையின் விலை ஒரு உப்புத்தாள்.

எஞ்சினையும் பாடியையும் சேர்க்கிற தடித்த எர்த் பட்டையையும் பார்த்துவிடு. செல்ஃப் அடிக்கும்போது நூறு ஆம்பியர் அளவுக்குக் கரண்ட் ஓடும். வழியில் ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே ஒரு வோல்ட் காணாமல் போகும். பட்டை அறுந்தே போயிருந்தால் கரண்ட் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பும். செல்ஃப் முனகுகிறது, கேபிள் கையில் சுடுகிறது என்றால் வேறு சோதனை வேண்டாம்.

பேட்டரி இறங்குகிற விஷயத்துக்கு வருகிறேன். ராத்திரி நிறுத்தி வைத்துக் காலையில் அளந்தால் முழு பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். வண்டி ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் (பட்டறையில் இன்னும் டைனமோ என்பார்கள்) வேலை செய்கிறது. இந்த இரண்டு அளவும் எடுக்காமல் பேட்டரியை மாற்றச் சொல்கிறவர் நாடி பிடிக்காமல் மாத்திரை எழுதுகிறவர்.

இரண்டும் சரியாக இருந்தும் நாலைந்து நாளில் இறங்கினால், சாவியை எடுத்த பிறகும் ஏதோ ஒன்று கரண்ட் குடிக்கிறது. எல்லாவற்றையும் அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, டெர்மினலுக்கும் கழற்றிய கேபிளுக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்துப் பார். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. 300 காட்டினால், 35 ஆம்பியர்-அவர் பேட்டரியை ஐந்து நாளில் முழுசாக உறிஞ்சிவிடும். அதற்கு முன்னாலேயே செல்ஃப் கைவிடும். நீ சொன்ன கணக்கும் அதுதான். ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கு. எதைப் பிடுங்கும்போது எண் சரிகிறதோ அந்த லைனில் திருடன். என் சந்தேகம், மீன்காரர் போட்ட பாட்டுப் பெட்டியின் மேல். மீட்டர் இப்படி மாட்டியிருக்கும்போது மறந்தும் சாவியைத் திருப்பிவிடாதே, மீட்டர் போய்விடும்.

ஃப்யூஸைப் பிடுங்குகிற சாக்கில் நிறத்தையும் பார்: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20 ஆம்பியர். சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் இருந்தால், முன்னால் ஒருவர் நோயைத் தேடாமல் எச்சரிக்கை மணியின் நாக்கை அறுத்திருக்கிறார் என்று அர்த்தம். சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைச் சுருட்டி ஃப்யூஸ் இடத்தில் திணித்த வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். உன் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் எஞ்சின் இருக்கிறது, கண்ணு.

நானும் புத்திசாலியாக இருந்ததில்லை. வெளிச்சம் போதவில்லை என்று ஒரு கடையில் ஹெட்லைட்டுக்கு 100/90 வாட் பல்பு போட்டுக்கொண்டேன். கம்பெனி கொடுத்தது 60/55. ரிலே போட வேண்டுமா என்று கேட்டதற்கு "அதெல்லாம் தாங்கும் சார்" என்றார் கடைக்காரர். லேப்பில் ஓம் விதி நடத்துகிற ஆள் நான், தலையாட்டிவிட்டு வந்தேன். டிம்மில் 55 வாட் பல்பு இரண்டுக்கும் சேர்த்து ஒன்பது ஆம்பியர் சொச்சம், 90 வாட்டுக்குப் பதினைந்து. சூடு கரண்ட்டின் இருமடிக்குத் தக்க ஏறும், ஆக ஸ்விட்ச் முனையில் இரண்டரை மடங்குக்கும் மேல். தாளவாடியிலிருந்து இருட்டும் நேரத்தில் திம்பம் இறங்கிக்கொண்டிருந்தேன். இருபத்தேழு கொண்டை ஊசியில் நாலைந்துதான் கடந்திருப்பேன், பிளாஸ்டிக் கருகுகிற வாசனை. அடுத்த வளைவில் டிம் செத்தது. பிரைட் மட்டும் மிச்சம். மலை முழுவதும் எதிரே ஏறி வந்த லாரிக்காரர்கள் கண் கூசி என் பரம்பரையையே விசாரித்தார்கள். பண்ணாரியில் நிறுத்தி ஸ்டீயரிங் அடியில் இருந்த ஸ்விட்ச்சைத் தொட்டுப் பார்த்தேன், பாகு மாதிரி இளகியிருந்தது.

உன் வண்டியில் என்ன பல்பு என்று பார். கம்பெனி வாட்டேஜ் என்றாலும் இத்தனை வயசு வண்டிக்கு ரிலே போட்டுவிடுவது நல்லது. பல்பின் கரண்ட் நேராக பேட்டரியிலிருந்து போகும், ஸ்விட்ச்சுக்கு ரிலேயைத் தட்டி எழுப்புகிற வேலை மட்டும் மிஞ்சும்.

இனி ஸ்டீயரிங். ஆம்னியில் பவர் ஸ்டீயரிங் இல்லை, அது உனக்கு நல்லது. மின்சார பவர் ஸ்டீயரிங் இருக்கிற வண்டிகளில் பேட்டரி வோல்ட் விழுந்தாலே ஸ்டீயரிங் வளையம் கல்லாகிவிடும், ஸ்டீயரிங் நோயா கரண்ட் நோயா என்று பிரிக்கவே ஒரு நாள் போகும். உன்னுடையதில் இருப்பது இரும்பும் ரப்பரும் கிரீஸும் மட்டும்.

முதலில் காற்று. சிரிக்காதே. நான்கு டயரிலும் காலையில், ஓட்டுவதற்கு முன், கதவோரமோ புத்தகத்திலோ போட்டிருக்கிற அளவுக்குப் பிடி. பிறகு முன் டயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போட்டு ஓட்டு. இழுப்பும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர், இரண்டு அலைன்மென்ட் காசும் தண்டம். மாறாவிட்டால், பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி முன்சக்கரங்கள் பக்கத்தில் புறங்கையை நீட்டிப் பார். இடது மட்டும் அனலடித்தால் பிரேக் பிடித்தபடி நிற்கிறது, அதுதான் இழுக்கிறது.

ஸ்டீயரிங் ஆட்டத்தைப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். சமதரையில் எஞ்சினை நிறுத்தி, சக்கரம் அசையாத அளவுக்கு வளையத்தை இப்படியும் அப்படியும் நீ ஆட்டு. ஒரு அங்குலத்துக்கு மேல் சும்மா ஆடினால் எங்கோ தேய்மானம். நான் படுத்துக்கொண்டு டை ராட் எண்டில், அதாவது சக்கரத்தைத் திருப்புகிற கம்பியின் முனை மூட்டில், விரலை வைப்பேன். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும், மூட்டுக்குள் ஒரு சின்ன 'டக்'. பிறகு ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்ட் கொடுத்து (ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கடியில் போகக் கூடாது, நானும்தான்), சக்கரத்தைக் கடிகாரத்தின் ஒன்பது, மூன்று மணியில் பிடித்து ஆட்டினால் ஆடுவது டை ராட் அல்லது அதைத் தள்ளி இழுக்கிற பல்தண்டான ராக். பன்னிரண்டு, ஆறு மணியில் ஆடினால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். அப்போது பிரேக்கை மிதிக்கச் சொல்: ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் ஜாயின்ட்.

ராக்கின் இரு முனையிலும் துருத்தி மாதிரி ரப்பர் உறை இருக்கும். அது கிழிந்து உள்ளே சேறு போயிருந்தால்தான் ராக்கைப் பற்றியே பேச்சு. உறை முழுசாக இருந்து டை ராட் எண்ட் மட்டும் ஆடினால் அதை மட்டும் மாற்றினால் போதும். இந்த வேலையை நீயாகச் செய்யாதே, தெரிந்த மெக்கானிக் செய்யட்டும், நீ பக்கத்தில் நில். நட்டில் குத்துகிற பின் புதிதாக இருக்க வேண்டும், பழையதை நிமிர்த்திப் போட விடாதே. பழைய மூட்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி அத்தனை சுற்றே புதியதை ஏற்றச் சொல். அலைன்மென்ட்டுக்கு அதற்குப் பிறகுதான் போக வேண்டும். ஆடுகிற மூட்டை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் பார்ப்பது ஆடுகிற முக்காலியில் தராசு வைப்பது.

சென்னைக்குப் போனால் புதுப்பேட்டையில் பழைய கதவு, கண்ணாடி, சீட்டு எது வேண்டுமானாலும் வாங்கு. ஸ்டீயரிங், பிரேக் சாமான் மட்டும் பழசு வாங்காதே, எவ்வளவு சல்லிசாகக் கிடைத்தாலும்.

ஒன்று கேட்க மறந்தேன்: ஆட்டம் நாற்று ஏற்றியிருக்கும்போதா, காலியாக இருக்கும்போதா? ஈர மண் தட்டுகளைப் பின்கதவு வரைக்கும் அடுக்கினால் பின்பக்கம் அமுங்கி முன்சக்கரம் லேசாகும், வளையம் பஞ்சு மாதிரி இருக்கும். 1,840 மில்லிமீட்டர்தான் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி, பக்கமோ பலகை மாதிரி தட்டை. பாலத்தின் மேல் காற்று அடித்தால் நல்ல வண்டியே ஆடும். கனமான தட்டுகளை முன்சீட்டின் முதுகை ஒட்டி அடுக்கி ஒரு தடவை ஓட்டிப் பார்த்துச் சொல்.

வருகிற ஞாயிறு ஏழு மணி பஸ்ஸில் வருகிறேன். மீட்டர், டெஸ்ட் லாம்ப், உப்புத்தாள் என்னிடம் இருக்கிறது. நீ ஸ்டாண்ட் இரண்டும் பழைய கோணிப்பை ஒன்றும் எடுத்து வை. பின்பக்கத் தரை விரிப்பைச் சனிக்கிழமையே தூக்கி வெயிலில் போட்டுவிடு. அடியில் என்ன கோலத்தில் இருக்கிறதோ, மீன் வாடையோடு வேலை பார்க்க என்னால் ஆகாது. உன் அம்மாவிடம் மதியம் எனக்கும் சேர்த்து வைக்கச் சொல்.

அன்புடன்,
மாமா