பேச்சுப் பயிற்சிக்கு முன் பதிவெண்ணைப் பாருங்கள்

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குக் காது மந்தமா, பேச்சு திக்குகிறதா? காஞ்சிபுரம் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைப் பாருங்கள். தனியாரிடம் போனால் முதலில் கேட்க வேண்டியது இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவெண். கவுன்சிலின் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறைகூட உண்டு. பதிவு காலாவதியாகும், சுவரில் தொங்கும் பட்டத்தை நம்பாமல் புதுப்பித்த தேதியைக் கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பி.ஏ.எஸ்.எல்.பி. என்பது கேட்பியலுக்கும் பேச்சுக்குமான 4 ஆண்டுப் பட்டம். அதில் ஓராண்டு நேரடிப் பயிற்சி. சிறப்பாசிரியரின் பி.எட். வேறு: அவர் பாடம் சொல்லித்தருவார், காதுக்கருவியின் அளவை அமைப்பது அவர் வேலையல்ல. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டில் தறி ஓடும்போது பின்னாலிருந்து கூப்பிட்டுப் பார்ப்பது காது சோதனையே அல்ல. ஒலிபுகா அறையில் ஆடியோகிராம் (கேட்புத்திறன் வரைபடம்) எடுத்து, அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள்.