யோகம் யாருக்குச் சொந்தம்?

கோபிநத்தத்தில் எங்கள் வகுப்பு இரவில் நடக்கும். பாடம் தொடங்கும் முன் சம்மணமிட்டு உட்காருவோம். கண்ணை மூடி, மெதுவாக மூச்சை இழுத்து விடுவோம். காட்டு வேலை செய்த அசதி குறையும்.

ஒருநாள் ஓர் அக்கா கதவோரமே நின்றுவிட்டார். மார்டள்ளியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர் அவர்.

"ஏன் அக்கா, உட்காரவில்லையா?" என்று கேட்டேன்.

"நாங்கள் மாதா கோவிலுக்குப் போகிறவர்கள், தம்பி. யோகம் இந்து சாமிக்குச் செய்வது என்கிறார்களே! நான் செய்யலாமா?"

எனக்கு உடனே பதில் தெரியவில்லை. படித்துப் பார்த்து மறுநாள் சொன்னேன். நீங்களும் படியுங்கள்.

யோகத்தின் வேர்

யோகம் நம் நாட்டில் பிறந்தது. பதஞ்சலி வடமொழியில் எழுதினார். திருமூலர் தமிழில் பாடினார். இருவரும் எட்டுப் படிகள் சொன்னார்கள். ஆசனம் ஒரு படி. மூச்சை அடக்குவது ஒரு படி. கடைசிப் படி சமாதி. அவர்களுக்கு அது ஆன்மிக வழி. சமணரும் பௌத்தரும் கூடத் தியானம் செய்தார்கள்.

மைசூர் யோகசாலை

மாதேஸ்வரன் மலையைத் தாண்டி மைசூருக்குப் போகிறோம் அல்லவா? அங்கே 1930களில் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆதரவில் யோகசாலை நடந்தது. ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் ஆசாரமான வைணவர்.

அவரிடம் இந்திரா தேவி என்ற பெண் படிக்க வந்தார். அவர் ஐரோப்பாவில் பிறந்தவர். வெளிநாட்டவர், அதுவும் பெண். ஆசிரியர் முதலில் மறுத்தார். பிறகு சேர்த்துக்கொண்டார். இந்திரா தேவி பல நாடுகளில் யோகம் கற்பித்தார்.

அமெரிக்காவில் ஒரு வழக்கு

கிருஷ்ணமாச்சாரியாரின் இன்னொரு மாணவர் பட்டாபி ஜோயிஸ். அவர் வழி யோகம் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துப் பள்ளிகள் சிலவற்றுக்குப் போனது. "இது மதம்" என்று 2013இல் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். பள்ளியிலோ வடமொழிப் பெயர்களை எடுத்துவிட்டார்கள். பத்மாசனத்துக்குக் கூட, சம்மணமிடுவதற்குக் குழந்தைகள் சொல்லும் பெயரையே வைத்தார்கள். அங்கே நடப்பது மதப் பாடம் அல்ல என்று நீதிமன்றம் சொன்னது. 2015இல் மேல் நீதிமன்றமும் அதையே சொன்னது.

அக்கா சொன்னது

யோகத்தின் வேரை மறைக்க வேண்டாம். மந்திரம் சொல்ல விரும்புவோர் சொல்லலாம். மற்றவர்கள் உடலுக்காக மட்டும் செய்யலாம். செய்ய விருப்பம் இல்லாதவருக்கும் வகுப்பில் இடம் உண்டு.

இதைக் கேட்ட அக்கா சொன்னார்: "மூச்சு எல்லோருக்கும் பொது. மனசுக்குள் யாரை நினைப்பது என்பது என் இஷ்டம்."

பிறகு பாயில் வந்து உட்கார்ந்தார். அன்று பாடத்தையும் அவரே முதலில் படித்தார்.

பதில் எழுதுங்கள்

1. அக்கா ஏன் கதவோரம் நின்றார்?
2. மைசூரில் யோகம் கற்பித்தவர் யார்?
3. விருப்பம் இல்லாதவரைக் கட்டாயப்படுத்தலாமா? கூடிப் பேசுங்கள்.