பாடம் 9: பழகப் பழகப் பிடிக்கும்

"வாயைத் திற! இல்லாவிட்டால் பூச்சாண்டியிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்!"

பல வீடுகளில் சாப்பாட்டு நேரத்தில் இந்தக் குரல் கேட்கிறது. குழந்தை அழுகிறது. ஊட்டும் அம்மாவுக்கும் கண் கலங்குகிறது. சில வீடுகளில் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றுகிறார்கள். சில வீடுகளில் செல்போனைக் காட்டி ஊட்டுகிறார்கள்.

இப்படி ஊட்டினால் ஒரு வாய் உள்ளே போகலாம். ஆனால் உணவைக் கண்டாலே குழந்தைக்குப் பயம் வந்துவிடும். வேறு வழி உண்டா? உண்டு. படித்துப் பாருங்கள்.

அங்கன்வாடியில் ஒரு நாள்

நம் நாட்டில் குழந்தைகளுக்காக 1975-ஆம் ஆண்டு அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது. அங்கன்வாடியில் குழந்தைகளின் எடையைப் பார்ப்பார்கள். அன்று ஒரு தாய் இரண்டு வயது மகளோடு வந்தாள். மூன்று மாதமாகக் குழந்தையின் எடை கூடவில்லை.

தாய்: பால்சோறு தவிர எதையும் தொடமாட்டேன் என்கிறாள், அக்கா. செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்று வீட்டில் என்னைத்தான் திட்டுகிறார்கள்.

பணியாளர்: உன்மேல் தப்பு இல்லை அம்மா. இது பிடிவாதமும் இல்லை. இந்த வயதில் பல குழந்தைகள் புதிய உணவைக் கண்டு மிரளும். எடை கூடவில்லையே, முதலில் டாக்டரிடம் காட்டுவோம்.

டாக்டர் பார்த்தார். நோய் எதுவும் இல்லை என்றார். மறுநாள் இருவரும் மீண்டும் பேசினார்கள்.

பணியாளர்: பூசணிக்காய் கொடுத்துப் பார்த்தாயா?

தாய்: இரண்டு முறை கொடுத்தேன். துப்பிவிட்டாள். பிறகு கொடுக்கவில்லை.

பணியாளர்: இரண்டு முறை போதாது. சில குழந்தைகளுக்குப் பத்து, பதினைந்து முறைகூட ஆகும். வீட்டுக்குப் புது ஆள் வந்தால் குழந்தை உடனே மடியில் ஏறுமா? முதலில் உன் சேலைக்குப் பின்னால் ஒளியும். எட்டிப் பார்க்கும். பிறகுதான் கிட்டே போகும். உணவும் அப்படித்தான்.

தாய்: ஊட்டாமல் விட்டால் பட்டினி கிடப்பாளே?

பணியாளர்: பால்சோற்றை நிறுத்தாதே. அது வயிற்றுக்கு. பக்கத்தில் கடலை அளவு பூசணிக்காய் மசியலை வை. அது பழக்கத்துக்கு.

ஆறு படிகள்

புதிய உணவோடு குழந்தை படிப்படியாகத்தான் பழகும்.

1. பார்க்கும்.
2. தொடும், பிசையும்.
3. முகர்ந்து பார்க்கும்.
4. நாக்கால் நக்கும்.
5. வாயில் போட்டுத் துப்பும்.
6. மென்று விழுங்கும்.

துப்புவதும் ஒரு படிதான். அதற்காகத் திட்டக் கூடாது.

அந்தத் தாய் பூசணிக்காய் நறுக்கும்போது மகளைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். குழந்தை துண்டுகளைத் தண்ணீரில் அலசியது. பாட்டி பூசணிக்காயைத் தன் தட்டில் போட்டு ருசித்துச் சாப்பிட்டார். யாரும் குழந்தையைக் கட்டாயப்படுத்தவில்லை. தாய் ஒவ்வொரு நாளும் நோட்டில் எழுதிவைத்தாள்.

3-ஆம் முறை: தொட்டாள்.
7-ஆம் முறை: நக்கினாள்.
12-ஆம் முறை: தானே எடுத்து வாயில் போட்டாள். பாதியைத் தின்றாள்.

நினைவில் வையுங்கள்

• ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். அதன்பின் தாய்ப்பாலோடு மசித்த உணவும் வேண்டும். அது கிச்சடியாக இருக்கலாம். ராகிக் கஞ்சியாக இருக்கலாம். பருப்புச் சாதமாகவும் இருக்கலாம்.
• எப்போதும் கூழாகவே கொடுக்காதீர்கள். பத்து மாதத்துக்குள் சிறு கட்டிகள் உள்ள உணவைப் பழக்குங்கள். தாமதித்தால் மெல்லப் பழகுவது கடினம்.
• என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு உண்பது என்பதைக் குழந்தை முடிவு செய்யட்டும்.
• அரை மணி நேரத்துக்கு மேல் ஊட்டாதீர்கள்.
• சாப்பாட்டுக்கு முன் பிஸ்கட், சிப்ஸ், டீ வேண்டாம். பசி இருந்தால்தான் புதியது இறங்கும்.
• நிமிர்ந்து உட்காரவைத்து ஊட்டுங்கள். படுக்கவைத்து ஊட்டினால் புரையேறும்.
• முழு வேர்க்கடலை, முழு திராட்சை கொடுக்காதீர்கள். தொண்டையில் அடைக்கும். ஒரு வயது ஆகும்வரை தேனும் வேண்டாம்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

எல்லாக் குழந்தைக்கும் பழக்கம் மட்டும் போதாது. சிலருக்கு உடலில் காரணம் இருக்கும். அண்ணப் பிளவு இருக்கலாம். மூளை வாதம் இருக்கலாம். ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளுக்கு உணவின் வாசனையும் கொழகொழப்பும் தாங்காது.

• ஒவ்வொரு முறை உண்ணும்போதும் இருமல், புரையேறுதல்
• மூக்கு வழியே பால் வருதல்
• அடிக்கடி நெஞ்சுச் சளி
• எடை கூடாமல் நிற்பது, குறைவது
• முன்பு உண்ட உணவுகளையும் ஒவ்வொன்றாக விடுவது

இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். 2013-இல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் பல மாவட்ட மருத்துவமனைகளில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. அங்கே சிகிச்சை இலவசம். எப்படி உட்காரவைப்பது, எப்படி ஊட்டுவது என்றும் சொல்லித் தருவார்கள்.

பயிற்சி

1. விடை எழுதுங்கள்:
அ. குழந்தைக்கு எந்த வயதில் மசித்த உணவு தொடங்க வேண்டும்?
ஆ. புதிய உணவோடு பால்சோற்றையும் கொடுக்கச் சொன்னது ஏன்?

2. நிரப்புங்கள்:
அ. குழந்தையை ______ உட்காரவைத்து ஊட்ட வேண்டும்.
ஆ. துப்புவதும் ஒரு ______தான்.

3. கலந்து பேசுங்கள்: குழந்தை சாப்பிடாவிட்டால் வீட்டில் யாரைக் குறை சொல்கிறார்கள்? அது சரியா?

4. செய்து பாருங்கள்: உங்கள் குழந்தை தொடாத ஒரு காயின் பெயரை நோட்டில் எழுதுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு முறையும் தேதி போடுங்கள். குழந்தை என்ன செய்தது என்று ஒரு வரி எழுதுங்கள். பதினைந்து வரி ஆகும்வரை விட்டுவிடாதீர்கள்.