தெருவின் படத்தைப் படிப்போம்

உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய போட்டோ ஒன்றாவது இருக்கும். கல்யாணப் படம் இருக்கும். காதுகுத்துப் படம் இருக்கும். ஆனால் நீங்கள் குடியிருக்கும் தெருவின் படம் இருக்கிறதா? பெரும்பாலான வீடுகளில் இருக்காது. தினமும் நடக்கிற தெருவை யார் படம் எடுப்பார்கள்?

நான் மைசூருவில் இருக்கிறேன். மாலையில் பெரியவர்கள் சிலருக்குத் தமிழ் எழுதப் படிக்கத் துணையாக இருக்கிறேன். பூ விற்கும் அக்கா ஒருவர் வருகிறார். முன்பு ஜட்கா வண்டி ஓட்டிய தாத்தா வருகிறார். கட்டட வேலை செய்யும் அண்ணன் ஒருவரும் வருகிறார். எழுத்துகளை எல்லோரும் கற்றுவிட்டார்கள். ஒரு நாள் புத்தகத்தை மூடி வைத்தோம். பாயில் படங்களைப் பரப்பினோம். ஒரு பக்கம் மைசூருத் தெருக்களின் பழைய படங்கள். பழைய அஞ்சல் அட்டைகளிலிருந்து எடுத்த நகல்கள் அவை. இன்னொரு பக்கம் அதே தெருக்களின் இன்றைய படங்கள். இவை செல்போனில் எடுத்தவை.

முதல் படத்தை எடுத்தேன்.

"இது எந்த இடம்?" என்று கேட்டேன்.

"டவுன் ஹால்" என்றார் அக்கா. சரியான பதில். அதன் முழுப் பெயர் ரங்காச்சார்லு நினைவு மண்டபம். 1880-களில் கட்டியது. ரங்காச்சார்லு மைசூர் அரசின் திவானாக இருந்தவர். நம் செங்கல்பட்டுச் சீமையில் பிறந்தவர்.

"எந்த வருஷத்துப் படம்?"

யாரும் பேசவில்லை. படத்தின் பின்னால் ஒன்றும் எழுதவில்லை. நானே சொன்னேன்: "கறுப்பு வெள்ளைப் படம். மங்கிப் போயிருக்கிறது. 1900-க்கு முன்னால் எடுத்ததாக இருக்கும்."

தாத்தா சிரித்தார். "தம்பி, படத்தில் தொட்ட கடியாரம் நிற்குதே. அதைப் பார்க்கலையா? வெள்ளி விழாவுக்குக் கட்டினதுன்னு எங்கப்பா சொல்லுவார்."

நான் பார்க்கவில்லைதான். கன்னடத்தில் தொட்ட கடியாரம் என்றால் பெரிய கடிகாரம். டவுன் ஹாலுக்கு முன்னால் நிற்கும் மணிக்கூண்டு அது. நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சிக்கு 25 ஆண்டு நிறைந்தபோது அரண்மனை ஊழியர்கள் கட்டியது. கட்டிய ஆண்டு 1927. மணிக்கூண்டு படத்தில் இருக்கிறது. அப்படியானால் படம் 1927-க்குப் பிறகுதான் எடுத்தது. பாடம் சொல்ல வந்த நான் அன்று பாடம் கேட்டேன்.

அன்று முதல் எங்கள் வகுப்பில் இது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. படத்துக்குள் தேதியைத் தேடுவோம். கட்டிய ஆண்டு தெரிந்த கட்டடம் ஒரு சாட்சி. மைசூரின் பழைய அரண்மனை மரத்தால் ஆனது. 1897-இல் தீப்பிடித்து எரிந்தது. இன்று நாம் பார்க்கும் கல் அரண்மனை 1912-இல் கட்டி முடிந்தது. ஆகவே இந்த அரண்மனை முழுதாகத் தெரியும் படம் 1912-க்கு முந்தியதாக இருக்க முடியாது.

தசரா ஊர்வலப் படமும் தேதி சொல்லும். யானைமேல் தங்க அம்பாரி இருக்கும். அதில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். மன்னர் உட்கார்ந்திருந்தால் அது பழைய படம். மன்னர்களுக்குத் தந்துவந்த மானியத்தை 1971-இல் மத்திய அரசு நிறுத்தியது. 1970-களிலிருந்து அம்பாரியில் சாமுண்டேசுவரி அம்மன் சிலைதான் போகிறது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு படத்தில் கல் அரண்மனையும் இருக்கிறது. அம்பாரியில் மன்னரும் இருக்கிறார். அப்படியானால் அது 1912-க்குப் பிறகு, 1970-களுக்கு முன்பு எடுத்த படம். பின்னால் எதுவும் எழுதாத படத்தை இப்படி இரண்டு ஆண்டுகளுக்கு நடுவே பிடித்துவிடலாம்.

பெயர்ப் பலகையையும் விடாதீர்கள். ஊரின் பெயர் 2014 நவம்பர் 1-ஆம் தேதி 'மைசூரு' என்று அதிகாரபூர்வமாக மாறியது. ஆங்கிலப் பலகையில் கடைசி எழுத்தைப் பார்த்தாலே தெரியும். பழைய பலகையை மாற்றாமல் விட்ட கடையும் உண்டு. ஆகவே பலகையை மட்டும் நம்பிவிடக் கூடாது.

அடுத்த படம் அகலமான ஒரு தெரு. வெயில் அடிக்கிறது. தெருவில் அநேகமாக ஆளே இல்லை.

"அந்தக் காலத்தில் ஜனமே கிடையாதா?" என்று கேட்டார் கட்டட வேலை அண்ணன்.

ஜனம் குறைவுதான். 1901-இல் மைசூரில் சுமார் 68 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2011-இல் சுமார் 9 லட்சம் பேர். ஆனால் 68 ஆயிரம் பேர் வாழும் ஊரிலும் தெரு காலியாக இருக்காதே! காரணம் வேறு. பழைய காமிராவுக்கு வேகம் போதாது. அதன் கண்ணை வெகு நேரம் திறந்து வைக்க வேண்டும். அசையாத பொருள் நன்றாகப் பதியும். நடந்து போகிறவர் பதிய மாட்டார். பதிந்தாலும் புகை போலத் தெரிவார்.

பிரான்சு நாட்டின் பாரீசு நகரத் தெரு ஒன்றை 1838-இல் தாகேர் என்பவர் படம் எடுத்தார். வண்டியும் ஜனமும் நிறைந்த தெரு அது. படத்தில் தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. ஓரத்தில் ஒருவர் மட்டும் தெளிவாகத் தெரிகிறார். அவர் காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ள ஒரே இடத்தில் நின்றார். அதனால் பதிந்தார். மெருகு போட்டவரும் மங்கலாகத் தெரிகிறார். போட்டோவில் முதன்முதலாக விழுந்த மனிதர்கள் இவர்கள்தான் என்று சொல்வார்கள்.

பிறகு காமிராவின் வேகம் கூடியது. ஆனாலும் பழைய படங்களில் ஓடும் குதிரையின் கால் மங்கலாகத்தான் இருக்கும். தாத்தா பூதக்கண்ணாடி வைத்து ஒரு ஜட்காவைப் பார்த்தார். "வண்டி நிற்குது. குதிரை தலையை ஆட்டுது. அதான் அதுக்குத் தலையே இல்லை" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அதே தாத்தா அந்தத் தெருவை மறுபடி பார்த்துப் பெருமூச்சு விட்டார். "அப்போ எவ்வளவு சுத்தம்! குப்பை இல்லை. ஒயர் இல்லை. இப்போ பாருங்க, ஆட்டோவும் பைக்கும்தான்."

பூக்கார அக்கா உடனே சொன்னார்: "நடுத்தெருவைத்தான் படம் எடுத்திருக்காங்க தாத்தா. பின்னால இருக்கிற சந்தை யார் எடுத்தா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. நூலகத்தில் தேடிப் படித்துவிட்டு வந்து சொன்னேன்.

மைசூரின் அகலத் தெருக்கள் அழகுக்காக மட்டும் வந்தவை அல்ல. முன்பு கோட்டைக்குள்ளும் சுற்றிலும் வீடுகள் நெருக்கமாக இருந்தன. காற்று இல்லை. சாக்கடை வசதி இல்லை. இன்று கடைகள் மின்னுகிற சயாஜி ராவ் சாலை இருக்கும் இடத்தில் ஒரு பெரிய கால்வாய் கிடந்தது. திவான் பூர்ணய்யா காவிரித் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவர வெட்டத் தொடங்கியது. காவிரி வரவில்லை. ஊர்க் கழிவுதான் வந்து சேர்ந்தது. பிறகு அதை மூடிச் சாலை போட்டார்கள்.

1896-இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. எலியின் மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சி மூலம் மனிதருக்கு வரும் நோய் அது. 1898-இல் பெங்களூருக்கு வந்தது. மைசூரையும் தாக்கியது. ஏராளமானவர்கள் இறந்தார்கள். ஜனங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே கொட்டகை போட்டு இருந்தார்கள். 1903-இல் மைசூரில் நகர அபிவிருத்தி மன்றம் ஒன்றை அமைத்தார்கள். நெருக்கமான பகுதிகளை இடித்தார்கள். தெருக்களை அகலமாக்கினார்கள். லட்சுமிபுரம், கிருஷ்ணமூர்த்திபுரம் போன்ற புதிய பகுதிகள் எழுந்தன.

புதிய வீடுகளுக்குப் பின்னால் ஒரு குறுகிய சந்து விட்டார்கள். இன்றும் மைசூருவில் 'கன்சர்வன்சி' என்றால் அந்தச் சந்துதான். எதற்காக அந்தச் சந்து? அக்காலக் கழிப்பறையில் தண்ணீர் விட்டுக் கழுவும் வசதி இல்லை. பின்வழியாக வந்து, மலத்தை வாளியில் அள்ளிச் சுமந்து போனார்கள். முன்பக்கத் தெரு சுத்தமாக இருக்கப் பின்பக்கச் சந்தில் சிலர் அந்த வேலையைச் செய்தார்கள். அவர்கள் படம் எங்கள் கட்டில் ஒன்றுகூட இல்லை. அஞ்சல் அட்டை விற்கிறவர் அரண்மனையை எடுப்பார். வட்டச் சாலையை எடுப்பார். சந்தை எடுக்க மாட்டார். கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆள் வைப்பதைத் தடுக்கும் சட்டம் 1993-இல்தான் வந்தது. 2013-இல் அதைவிடக் கடுமையான சட்டம் வந்தது.

தாத்தா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்க தெருப் பின்னாலயும் அந்தச் சந்து இருந்துச்சு. நான் மறந்துட்டேன்" என்றார்.

சாதாரண ஜனங்களைத் தேடிப் படம் எடுத்தவர்களும் உண்டு. மைசூரில் 1923-இல் பிறந்த டி. எஸ். சத்யன் அப்படிப்பட்டவர். குழந்தைகள், உழைப்பாளிகள், தெருவில் போகிறவர்கள் என்று எடுத்தார். 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2009-இல் காலமானார். அவர் படங்கள் கிடைத்தால் பாருங்கள்.

கடைசியாக மார்க்கெட் படத்துக்கு வந்தோம். தேவராஜ மார்க்கெட் நூறு ஆண்டுக்கு மேற்பட்டது. பூ, வாழைப்பழம், வெற்றிலை, குங்குமம் என்று வரிசை வரிசையாகக் கடைகள். பக்கத்தில் லான்ஸ்டவுன் கட்டடம். வைசிராய் லான்ஸ்டவுன் வந்ததன் நினைவாக 1892-இல் கட்டியது. கீழே பழைய புத்தகக் கடைகள் இருந்தன. 2012 ஆகஸ்டு 25-ஆம் தேதி அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. நான்கு பேர் இறந்தார்கள். நான்கு ஆண்டு கழித்து, 2016 ஆகஸ்டு 28-ஆம் தேதி, தேவராஜ மார்க்கெட்டின் வடக்கு வாசல் சரிந்தது. பழுது பார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்த நேரம் அது. இரண்டு கட்டடங்களையும் பழுது பார்ப்பதா, இடித்துப் புதிதாகக் கட்டுவதா என்று பெரிய வாக்குவாதம் எழுந்தது. மார்க்கெட் வழக்கு நீதிமன்றம் வரை போனது. பழமை காக்க வேண்டும் என்றார்கள் சிலர். உயிர் முக்கியம் என்றார்கள் சிலர். கடைக்காரர்களுக்கு இரண்டும் வேண்டும். பிழைப்பும் வேண்டும்.

வடக்கு வாசல் முழுதாக நிற்கும் பழைய படத்தை அக்கா கையில் எடுத்தார். வெகு நேரம் பார்த்தார்.

"இந்தத் தூணுக்குக் கீழேதான் எங்கப்பா வெற்றிலைக் கூடை வெச்சிருந்தார். பள்ளிக்கூடம் போகாம நானும் பக்கத்துல உட்கார்ந்திருப்பேன். அப்பா படம் எங்க வீட்ல ஒண்ணுமே இல்லை, தம்பி."

அந்தப் படத்திலும் அவர் அப்பா இல்லை. படம் அவர் காலத்துக்கும் முந்தியது. ஆனால் தூண் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மார்க்கெட்டுக்குப் போனோம். பழைய படத்தை எடுத்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நீங்களும் செய்யலாம். படத்தில் அசையாத இரண்டு பொருளைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று கிட்டே இருக்கட்டும், ஒன்று தூரத்தில் இருக்கட்டும். ஒரு சுவரின் மூலையும் தூரத்துக் கோபுரமும் போல. படத்தில் கோபுரம் சுவருக்கு எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளித் தெரிகிறது என்று பாருங்கள். நேரிலும் அப்படித் தெரியும்வரை இடமும் வலமும் நகருங்கள். பிறகு முன்னும் பின்னும் நகருங்கள். இரண்டும் ஒத்துப் போனால் பழைய போட்டோக்காரர் நின்ற இடத்தில்தான் நிற்கிறீர்கள். எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. தன்வந்திரி சாலையின் நடுவில் நிற்க வேண்டியிருந்தது. ஆட்டோக்காரர்கள் திட்டினார்கள்.

அக்காவை அப்பாவின் இடத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தேன். கடையில் கொடுத்துத் தாளில் போட்டு வாங்கினோம். போட்டோவின் பின்னால் பேனாவை அழுத்தி எழுதக் கூடாது. முன்பக்கம் தழும்பு விழும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுத வேண்டும். இடம், தேதி, படத்தில் இருப்பவர் பெயர், எடுத்தவர் பெயர் இவை போதும்.

அக்கா இவற்றை எழுதி முடித்தார். பென்சிலைக் கீழே வைக்கவில்லை. இன்னும் இரண்டு வரி சேர்த்தார். ஒரு எழுத்தை அழித்துத் திருத்தினார். என்னிடம் கேட்காமலே திருத்தினார்.

"இங்கே எங்க அப்பா வெற்றிலை வித்தார்.
இப்போ நான் பூ விக்கிறேன்."